பல்லி சொன்ன பலனும் ஸ்கேனர் சொன்ன நம்பரும்

காஞ்சிபுரம் போனா காலாட்டிப் பொழைக்கலாம்னு ஒரு பழமொழி இருக்குது, கேட்டிருக்கியா தம்பி? தறிக்குழியில காலை விட்டு மிதி மிதிக்கிறவனைச் சொன்னது அது. அம்பது வருஷம் நானும் அப்படித்தான் காலாட்டினேன். இப்ப நீயும் ஆட்டுறே. எங்க? வண்டி ரிப்பேர் பண்ற எடத்துல, கண்ணாடி ரூம்ல, ஏசியில, சோபாவுல சாஞ்சிகினு. கையில காகிதக் கப்புல காப்பி வேற. வெளியில வண்டிக்கு ஆபரேஷன். உள்ள உனக்குப் படபடப்பு.

இன்னாப்பா ஆச்சுன்னு கேட்டா, "சென்சார் போயிடுச்சு தாத்தா"ங்கிறே. எந்த சென்சாரு? "எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் சென்சார்." யாரு சொன்னா? "ஸ்கேனர் சொல்லுச்சு."

ஓகோ. நம்ம ஊருக்கு இது புதுசா? சின்ன காஞ்சிபுரத்துல வரதர் கோயில்ல படியேறிப் போனா, கூரையில தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி ரெண்டும் இருக்குது. மேல பல்லி விழுந்த தோஷம் அதைத் தொட்டாப் போயிடும்னு தலைமுறை தலைமுறையா ஜனம் வரிசையில நிக்குது. வலது தோள்ல விழுந்தா ஒரு பலன், இடது கால்ல விழுந்தா ஒரு பலன்னு பஞ்சாங்கத்துல பட்டியலே இருக்குது. உன் ஸ்கேனரும் பட்டியல்தான் வெச்சிருக்குது. பி 0544க்கு ஒரு பலன், பி 0545க்கு ஒரு பலன், பி 0546க்கு ஒரு பலன். பல்லிக்காவது ஒரு தடவ தொட்டுக் கும்பிட்டா தீர்ந்துச்சு. ஸ்கேனர் சொன்ன தோஷத்துக்கு நீ எத்தினி தபா பில்லைத் தொட்டுக் கும்பிட்டே?

ஸ்கேனரைக் குறை சொல்லல. பாவம், அது தனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லுது. 0546ன்னா இன்னா அர்த்தம்? முதல் சென்சாரோட லைன்ல இருக்க வேண்டியதுக்கு மேல ஓல்ட்டு நிக்குது, அவ்வளவுதான். 0545ன்னா கம்மியா நிக்குது. "லைன்ல"ன்னுதான் சொல்லுச்சு, கவனிச்சியா? சென்சார் செத்துப்போச்சுன்னு சொல்லவே இல்ல. தெருப் பேரைச் சொன்னா நீ வீட்டை இடிக்கிறே. திருடன் அந்தத் தெருவுல இருக்கான்னா, மொத வீட்டுக்காரனைப் புடிச்சு உள்ள போடுவியா?

எங்க அக்கா பேரன் கதையச் சொல்றேன், கேளு. ஏழு பேர் உட்கார்ற டீசல் வண்டி வாங்கினான், பி.எஸ்.6. மெட்ராஸ்லேருந்து கல்யாணப் புடவை எடுக்க வர்ற ஜனத்தை இட்டுகினு சுத்துறது அவன் தொழிலு. ஏகாம்பரநாதர் கோயில், காமாட்சி அம்மன் கோயில், காந்தி ரோடு, வரதர் கோயில், திரும்பவும் காந்தி ரோடு. பொம்பளைங்க புடவை பார்க்க உள்ள போனா மூணு மணி நேரம். அது வரைக்கும் வண்டி வெளியில நின்ன எடத்துலயே ஏசியப் போட்டுகினு உறுமிகினு இருக்கும். ஒரு நாள் டேஷ்போர்டுல மஞ்சளா லைட்டு எரிஞ்சுது. வண்டி இழுக்கல. மேம்பாலத்துல ஏறச் சொன்னா கெழவன் மாதிரி மூச்சு வாங்குச்சு.

ஒரு பட்டறைக்குப் போனான். சட்டையில பேரு தைச்ச பையன் வந்தான். நகத்துல ஒரு சொட்டு கிரீஸ் இல்ல, சினிமாவுல டாக்டரா நடிக்கிறவன் மாதிரி வெள்ளை விரலு. ஸ்டியரிங்குக்குக் கீழ பதினாறு ஓட்டை சாக்கெட்டுல சொருகினான், பலகையப் பார்த்தான், "சென்சார் மாத்தணும்"னான். குனிஞ்சானா? குனியல. பானெட்டைத் தூக்கினானா? சென்சாரைக் கழட்டத்தான் தூக்கினான். மாத்தினாங்க. லைட்டு அணைஞ்சுது. இவனும் சந்தோஷமா வந்து எங்களுக்கெல்லாம் மிக்சர் வாங்கிக் குடுத்தான்.

நாலாம் நாள் திரும்பவும் லைட்டு. அதே நம்பரு. "புது சென்சாரே கோளாறு பீஸ் போல"ன்னு இன்னொண்ணு போட்டாங்க. காசு பாதி குறைச்சாங்களாம், பெரிய மனசு. அஞ்சாம் நாள் திரும்பவும் லைட்டு. அத்தி வரதரே நாப்பது வருஷத்துக்கு ஒரு தபாதான் குளத்தை விட்டு வெளிய வர்றாரு. 1979ல சேவிச்சேன், 2019லயும் சேவிச்சேன். இந்த மஞ்ச லைட்டு மட்டும் வாரத்துக்கு ஒரு தரிசனம் குடுக்குது.

மூணாம் தபா போனப்ப, "டி.பி.எஃப்பையே மாத்தணும் சார்"னு ஒரு தொகை சொன்னாங்க. அந்தக் காசுக்கு அசல் ஜரிகையில முகூர்த்தப் புடவை நாலு எடுக்கலாம். அப்பத்தான் பேரன் என்கிட்ட வந்தான். எல்லாரும் கடைசியாத்தானே கெழவன்கிட்ட வருவீங்க?

"தாத்தா, உனக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்"னு மொதல்லயே கேட்டுட்டான். ஒண்ணும் தெரியாதுடா. ஆனா இழை அறுந்தா இன்னா பண்ணணும்னு தெரியும்.

தறியில பாவு ஆயிரக்கணக்கான இழை. நெய்யுறப்ப திடீர்னு ஒரு எடத்துல துணி கோடு விடும். நாங்க இன்னா பண்ணுவோம்? தறிய வித்துட்டு வேற தறி வாங்குவோமா? அச்சை மாத்துவோமா? குனிஞ்சு பார்ப்போம். அச்சுல எந்தப் பல்லு காலியா இருக்குது, விழுதுல எந்தக் கண்ணு காலியா இருக்குது, அறுந்த தலைப்பு எங்க தொங்குது. தேடி எடுத்து, விரல்ல சாம்பலைத் தொட்டு, முறுக்கி, ஒட்டுப் போட்டு, திரும்ப நெய்வோம். எட்டு வயசுப் புள்ளைக்கு அந்தக் காலத்துல இதைத்தான் மொதல்ல சொல்லிக் குடுப்பாங்க. இழை அறுந்ததுக்கு அச்சைக் குறை சொல்றவன் நெசவாளியே இல்ல.

எங்க பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன் ஒரகடத்துல கம்பெனியில வேலை செய்றான். அவன் அப்பன் என்னோட கோர்வை போட்ட கை. இப்பப் பிள்ளையார்பாளையத்துல பாதி வீட்டுல தறிச்சத்தம் கம்மி, கம்பெனி பஸ் ஹாரன் சத்தம் ஜாஸ்தி. அது வேற அழுகை, இன்னொரு நாளைக்கு அழலாம். அந்தப் பையன்தான் எனக்கு இந்தச் சமாசாரத்தை விளக்கினான்.

2020 ஏப்ரல் 1லேருந்து நாடு பூரா பி.எஸ்.6. நாலுலேருந்து அஞ்சைத் தாண்டி ஒரே குதி, ஆறுக்கு. டீசல்ல பத்து லட்சம் பங்குல அம்பது பங்கு இருந்த கந்தகத்தைப் பத்தாக் குறைச்சாங்க. வண்டியில புகைக்குழாய் வழியில ஒரு சல்லடைப் பெட்டிய வெச்சாங்க. அதான் டி.பி.எஃப். கரி அதுல படியும். அடுப்புல புகைக்கூண்டு அடைச்சா இன்னா பண்ணுவோம்? இறக்கித் தட்டுவோம். இதைத் தட்ட முடியாது. அதனால வண்டியே கொஞ்சம் டீசலை எச்சா விட்டு, குழாயைச் சூடேத்தி, 600 டிகிரி கிட்டக்கக் கொண்டுபோயி அந்தக் கரிய எரிச்சுச் சாம்பலாக்கும். ரீஜென்னு சொல்றாங்க.

இப்ப யோசி. 600 டிகிரின்னு எப்படித் தெரியும்? கைய விட்டுப் பார்ப்பியா? எங்க சாயப்பட்டறையில அந்தக் காலத்து ஆளு கொதிக்கிற அண்டாவை ஆவியப் பார்த்தே பதம் சொல்லுவான், விரல் நுனியத் தண்ணியில தொட்டுத் தொட்டு எடுப்பான். இங்க அது நடக்குமா? அதுக்குத்தான் குழாய்ல மூணு நாலு எடத்துல இந்தச் சென்சாரைச் சொருகி வெச்சிருக்கான். டர்போகிட்ட ஒண்ணு, பெட்டிக்கு முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு. சூடு எவ்வளவுன்னு தெரியாம டீசலை விட்டா பெட்டியே வெடிச்சு விரிசல் விடும். அதனால ஒரு சென்சார் உளறினாலும் வண்டி பயந்துகினு எரிக்கிறதையே நிறுத்திடும். கரி சேரும். மூச்சு முட்டும். கடைசியில பெட்டிய மாத்தச் சொல்லுவான். பெட்டி இன்னாடா பாவம் பண்ணுச்சு? எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

சென்சாருக்குள்ள நெறைய வண்டியில இருக்கிறது மெல்லிசு பிளாட்டினமாம். கேட்டதும் எனக்கு ஜரிகை ஞாபகம்தான் வந்துது. பட்டு இழை மேல வெள்ளிக் கம்பி சுத்தி, தங்க முலாம். அசலா போலியான்னு தெரியணும்னா நகத்தால உரசு, உள்ள சிவப்புப் பட்டு தெரியும். வேற கலர் தெரிஞ்சா கடைக்காரன் மூஞ்சியப் பாரு. சென்சாருக்கும் அப்படி ஒரு உரசல் உண்டான்னு கேட்டேன். உண்டுன்னான். ஜீரோ டிகிரியில 200 ஓம்ஸ். ஒரு டிகிரி ஏறினா முக்கால் ஓம்ஸுக்குக் கொஞ்சம் மேல ஏறும். நம்ம ஊர் விடிகாலையில 222 கிட்டக்கக் காட்டணும். 600 டிகிரியில 600 ஓம்ஸையும் தாண்டிடும். வேற ரகமும் இருக்குது, சூடு ஏற ஏற ஓம்ஸ் இறங்குறது ஒண்ணு. உன் வண்டியில எந்த ரகம்னு தெரிஞ்சுகினு மீட்டரை வை. நாடா தெரியாம தார் சுத்தக் கூடாது.

விடிகாலை அஞ்சரைக்கு எங்க தெருவுக்கு வாங்கடான்னு ரெண்டு பேரையும் வரச் சொன்னேன். "எதுக்குத் தாத்தா அத்தினி சீக்கிரம்"னு பேரன் முனகினான். வெயில் ஏறிட்டா பாவு தெருவுல நீட்ட முடியாது, தெரியும் இல்ல? கஞ்சி ஒரே சீரா காயணும். இதுக்கும் அதேதான். ராத்திரி பூரா நின்ன வண்டி. சாவியப் போடு, ஸ்டார்ட் பண்ணாதே. இப்ப வண்டிக்குள்ள இருக்கிற எல்லாச் சூட்டு மீட்டரும் எவ்வளவு காட்டணும்? வாசல்ல நிக்கிற நான் எவ்வளவு சூடோ, அவ்வளவுதான். நடு ராத்திரியில தூங்கின வீட்டுல ஒருத்தன் மட்டும் ஓடி வந்தவன் மாதிரி வேர்த்துகினு இருந்தா, அவனைத்தானே சந்தேகப்படணும்?

ஒரகடத்துப் பையன் ஸ்கேனரைச் சொருகிப் படிச்சான். ரேடியேட்டர் தண்ணி 27. உள்ள போற காத்து 28. புகைக்குழாய் மொத சென்சார் 28, ரெண்டாவது 28, மூணாவது 27. பேரன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. "எல்லாம் சரியா இருக்குது தாத்தா, ஒண்ணும் கண்டுபிடிக்கல"ங்கிறான்.

ஏண்டா, கண்டுபிடிச்சாச்சுடா! அஞ்சு பேரும் ஒரே பேச்சு பேசுறாங்கன்னா, மொத சென்சார் யோக்கியன். அவனைத்தான் ரெண்டு தபா தூக்கில போட்டீங்க.

"இப்ப ஒயரை ஆட்டு"ன்னேன். சென்சாரோட வாலைப் புடிச்சு ஆட்டினான். 28. கப்ளரை ஆட்டினான். 28. இன்னும் அரை முழம் தள்ளி, சூடு தடுக்கிற தகடு இருக்குது பாரு, அதும் பின்னாடி கைய விட்டு ஆட்டினான். நம்பரு எகிறிப் போச்சு. ஆயிரத்துக்குப் பக்கம். விட்டான், 28. ஆட்டினான், ஆயிரம். பேரன் வாயைத் தொறந்துகினு நிக்கிறான். வண்டியில பொட்டுச் சூடு இல்ல, பனி வழியுது, மீட்டர் மட்டும் உலைக்களத்துல நிக்குது.

கப்ளரைக் கழட்டி சென்சார் பக்கம் மீட்டரை வெச்சோம். 222. ஆட்டினாலும் 222. அதுக்கு மேல ஒரு சர்டிபிகேட் வேணுமா? டார்ச் அடிச்சுத் தகட்டுக்குப் பின்னாடி பார்த்தா, ஒயரைப் புடிச்சு வெச்சிருந்த கிளிப் உடைஞ்சு கெடக்குது. எப்பவோ எவனோ வேலை செஞ்சுட்டுத் திரும்ப மாட்டல. ஒயர் தகட்டு விளிம்புல உரசி உரசி, மேல்தோல் போயி, உள்ள செம்பு ஒவ்வொரு இழையா அறுந்து, ரெண்டே ரெண்டு மயிர் பாக்கி. வண்டி குதிச்சா விடும், நின்னா ஒட்டும். விட்டா லைன் அறுந்த மாதிரி, ஓல்ட்டு ஏறி 0546. சென்சார் மாத்துறப்ப கை பட்டு ஒயர் அசைஞ்சு ஒட்டிக்கும், லைட்டு அணையும், உனக்கு மிக்சர். நாலு நாள்ல திரும்ப விடும். அறுந்தது இழை தம்பி. அன்னைக்கும் இழைதான், இன்னைக்கும் இழைதான்.

ரோட்டோரத்துல உட்கார்ந்திருக்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தரு கெட்ட துண்டை வெட்டி எடுத்துட்டு, அதே கனத்துல ஒயர் போட்டு, ஈயம் வெக்காம லக் வெச்சு நசுக்கி, சூடு தாங்குற உறை மாட்டி, புது கிளிப் போட்டுக் குடுத்தாரு. அந்த அனல்ல ஈயம் தாங்காதுன்னாரு. ஒட்டு சுத்தமா இருக்கணுமாம். ஒட்டுல ஒரு ஓம்ஸ் ஏறினா கணக்குல ஒண்ணேகால் டிகிரி ஏறிடும், அம்பது ஓம்ஸ் துரு ஏறினா அறுபத்தஞ்சு டிகிரி இல்லாத காய்ச்சல். முந்நூறு ரூபா வாங்கினாரு. டீ நான் வாங்கிக் குடுத்தேன்.

"அப்ப சென்சாரே கெடாதா தாத்தா"ன்னு கேக்காதே. கெடும். தெனம் நெருப்புல நின்னு குலுங்குறது, கெடாம? ஆறின வண்டியில மத்தவங்க 28 சொல்றப்ப அது 90 சொன்னா, மீட்டர்ல ஓம்ஸே வராம ஓன்னு நின்னா, மாத்து. வண்டி ஓடி எல்லாம் சூடேறியும் அது மட்டும் மந்தமா ஏறினாலும் சந்தேகப்படு. ஒரு சூட்சுமம் மட்டும் கவனம்: சில வண்டி கோளாறைக் கண்டதும் தானே ஒரு பொய் நம்பரைப் போட்டு ஒப்பேத்தும். அதனால ஸ்கேனர் நம்பரை மட்டும் நம்பாம, கப்ளரைக் கழட்டி மீட்டர் வெச்சும் பாரு. சென்சாரையே கழட்ட வேண்டி வந்தா பார்த்துக் கழட்டு; மரையில துருப்புடிச்சு இறுகியிருக்கும், முரட்டுத்தனமாத் திருகினா தலை கையோட வரும்.

இன்னொருத்தன் வருவான். "எதுக்கு சார் செலவு, சின்னதா ஒரு ரெசிஸ்டர் வெச்சா லைட்டு எரியாது"ம்பான். கும்பிட்டு அனுப்பிடு. தூங்குறப்பவும் ஒரே நம்பரு, எரியிறப்பவும் ஒரே நம்பரு காட்டுற சென்சார் எதுக்கு? நோயாளிக்குத் தெர்மாமீட்டரைக் காட்டாம தண்ணி டம்ளர்ல வெச்சுப் படிக்கிற மாதிரி. இந்த வேலைய ரொம்பப் பெரிய ஆளுங்களே செஞ்சு மாட்டினாங்க. 2015 செப்டம்பர்ல ஜெர்மனி போக்ஸ்வேகன் கம்பெனி ஒத்துக்கிச்சு. சோதனையில நிக்கிறப்ப வண்டி யோக்கியன், ரோட்டுக்கு வந்தா புகை அள்ளி வீசும். அப்படி ஒரு தந்திரம் உள்ள வெச்ச டீசல் வண்டி உலகம் பூரா ஒரு கோடியே பத்து லட்சம். பெரிய படிப்பு படிச்சவன் பொய் சொன்னா கோடிக்கணக்குல சொல்றான். நம்ம ஊர்ல போலி ஜரிகை வெக்கிறவன் பாவம், ஒரு புடவையோட நின்னுடுறான்.

பேரனுக்கு ரெண்டு சொன்னேன், உனக்கும் சொல்றேன். வாரத்துல ஒரு நாள் வண்டிய இந்தச் சந்து பொந்துலேருந்து வெளிய எடு. பொன்னேரிக்கரை பக்கம் பெங்களூர் ஹைவேயில ஏறி, சுங்குவார்சத்திரம் வரைக்கும் ஒரே சீரா விடு. ரீஜென் நடக்கிறப்ப நடுவுல அணைக்காதே. புடவைக் கடை வாசல்லயே மூணு மணி நேரம் உறுமினா கரி சேராம கஸ்தூரியா சேரும்? ரெண்டாவது, மாசத்துக்கு ஒரு தபா ஆயில் கோலை இழுத்துப் பாரு. ஆயில் குறைஞ்சா எல்லாரும் பதறுவாங்க. ஏறியிருந்ததைப் பார்த்து இவன் சந்தோஷப்பட்டான். "பாரு தாத்தா, வண்டி ஆயிலே குடிக்கல"ன்னு. அடப் பைத்தியக்காரா! எரிக்க விட்ட டீசல் எரியாம அரைகுறையா நின்னுபோனா, சிலிண்டர் ஓரமா வழிஞ்சு ஆயில்ல கலக்கும். பால்காரன் வீட்டுல பால் தானா பெருகினா இன்னா கலந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?

வண்டி இப்ப நல்லா ஓடுது. மஞ்ச லைட்டு இதுவரைக்கும் தரிசனம் குடுக்கல. கழட்டிப் போட்ட ரெண்டு சென்சாரையும் அந்தப் பட்டறையில கேட்டு வாங்கிகினு வரச் சொன்னேன். ரெண்டுக்கும் ஒரு விடிகாலையில மீட்டர் வெச்சுப் பார்த்தோம். ஒண்ணு 222, இன்னொண்ணு 223. எங்க வீட்டுப் பரண்ல, உடைஞ்ச நாடாவுக்குப் பக்கத்துல, துணியில முடிஞ்சு வெச்சிருக்கேன். உன் வண்டிக்குப் பொருந்தும்னா வந்து எடுத்துகினு போ. ஆனா வர்றப்ப ஒயரை ஆட்டிப் பார்த்துட்டு வா.